சீட்டுக்கட்டு இல்லாத சீட்டாட்டம்: புதிதாக ஒன்றைத் தேடுகிறவர்களுக்கு

போனில் ஆப் கடையைத் திறந்து 'கார்டு கேம்' என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது ரம்மி. அடுத்து தீன் பத்தி. அப்புறம் சாலிட்டேர், நாலைந்து வேஷத்தில். நடுநடுவே தங்க நாணயம் கொட்டுகிற படங்கள். இதையெல்லாம் தாண்டி உருட்டிக்கொண்டே போகப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. அதனால்தான் போனில் சீட்டாடுகிறேன் என்று சொன்னாலே வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த வகையைப் பற்றியது இல்லை. காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய அரசின் சட்டம் தடை செய்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஜெயித்தால் பணம் என்று சொல்லும் எதைக் கண்டாலும் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அதற்குக் கீழே வேறொரு கூட்டம் இருக்கிறது. சீட்டு இறக்கிப் பூதத்தோடு சண்டை போடுவது, போக்கர் சீட்டையே கணக்குப் புதிராக்குவது, முன்பின் தெரியாத ஒருவரை ஆறே சுற்றில் ஏமாற்றுவது என்று பல தினுசு. புதிதாக உள்ளே வருகிறவர் அதில் தனக்கானதைப் பிடிப்பது எப்படி என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. 'எது பெஸ்ட்?' என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஆளாளுக்குத் தான் ஆடிக்கொண்டிருப்பதைச் சொல்வார்கள். அலுவலகத்தில் ஒருவர் சொன்னார் என்று நான் இறக்கிய முதல் ஆட்டத்தில் சீட்டுகளைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. அவருக்கு அது பத்து வருஷப் பழக்கம். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள இரண்டு கேள்விகள் போதும். எதிரில் யார் உட்கார வேண்டும்? கூப்பிட்டால் பாதியில் எழுந்து வர முடியுமா?

முதல் கேள்வி: எதிரில் யார்?

சீட்டாட்டத்தில் நாம் தேடும் சுகம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு எதிராளியின் முகம் வேண்டும். அவன் துருப்பை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று மோப்பம் பிடிப்பதுதான் அவர்களுக்கு ஆட்டம். சிலருக்குக் கையில் வந்த சீட்டை வைத்துக் கணக்குப் போடுவது போதும், எதிரில் யாரும் இல்லாவிட்டால் இன்னும் நிம்மதி. மூன்றாவது ரகத்துக்குச் சீட்டு ஒரு சாக்கு. சித்தப்பா பையனோடு, பழைய ரூம்மேட்டோடு அரட்டை அடிக்க வேண்டும்.

டிஜிட்டல் ஆட்டங்களும் இதே மூன்று வாசலோடுதான் இருக்கின்றன. தனியாக ஆடுபவை: ஸ்லே தி ஸ்பயர், பலாட்ரோ, மான்ஸ்டர் ட்ரெயின், இன்ஸ்க்ரிப்ஷன். முகம் தெரியாதவரோடு மோதுபவை: ஹார்த்ஸ்டோன், மேஜிக் அரீனா, மார்வெல் ஸ்னாப், போக்கிமான் பாக்கெட், யூ-கி-ஓ மாஸ்டர் டூயல், க்வென்ட். தெரிந்தவர்களோடு ஆட ஏற்றவை: போர்டு கேம் அரீனா போன்ற தளங்களில் இருக்கும் பாரம்பரிய ஆட்டங்கள்.

எந்த வாசல் என்று தெரியவில்லையா? கடைசியாக நிஜச் சீட்டு ஆடியபோது எதற்காக எரிச்சல் பட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'அவன் யோசிக்க இவ்வளவு நேரமா' என்று எரிச்சல் வந்திருந்தால் தனி ஆட்டம் உங்களுக்கு. 'எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள்' என்று வந்திருந்தால் மூன்றாவது வாசல்.

இரண்டாவது கேள்வி: எழுந்து வர முடியுமா?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பலர் ஆட்டத்தை விடுவது இதனால்தான். ஹார்த்ஸ்டோனில் உங்கள் முறைக்கு ஒன்றேகால் நிமிஷம்தான், அது முடியப் போகும்போது திரையில் ஒரு கயிறு எரியத் தொடங்கும். குக்கர் விசில் மூன்றாவது அடித்தால் கயிறு நிற்காது. மாஸ்டர் டூயலில் எதிராளி ஒரே முறையில் சீட்டு மேல் சீட்டாக இறக்கிக்கொண்டே போவார், நீங்கள் சில நிமிஷம் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எழுந்து போனால் உங்கள் முறை வந்து ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்லே தி ஸ்பயரையோ பலாட்ரோவையோ நடுவில் அப்படியே மூடி வைக்கலாம். நாளைக்குத் திறந்தாலும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இணையமும் வேண்டாம். சென்னை மெட்ரோ சுரங்கத்துக்குள் போகும்போது சிக்னல் போனாலும் கவலையில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரவுப் பணிக்காரர்கள், கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஒரே காரணத்துக்காகவே தனி ஆட்டத்தில் தொடங்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் மார்வெல் ஸ்னாப் இருக்கிறது. எதிரில் ஆள் உண்டு, ஆனால் மூன்று நான்கு நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். டீ ஆறுவதற்குள் ஒன்று ஆடலாம்.

தனி ஆட்டம்: பலாட்ரோவில் ஒரு கை

சீட்டுக்கட்டைத் தொட்டுப் பழகிய தமிழருக்கு முதல் ஆட்டமாக எதைச் சொல்வாய் என்று கேட்டால் யோசிக்காமல் பலாட்ரோ என்பேன். 2024 பிப்ரவரியில் கணினிக்கும் கன்சோலுக்கும் வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் போனுக்கு. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் கனடாக்காரர் ஒருவர் செய்தது. ஒரு முறை காசு கொடுத்தால் போதும். உள்ளே போய் மறுபடி பர்ஸைத் திறக்கச் சொல்லாது.

இதற்கு ஒரு கட்டத்தில் ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பு 18 வயது என்று முத்திரை குத்தியது, போக்கர் சீட்டு இருக்கிறதே என்று. பிறகு 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தார்கள். சரிதான், இதில் பந்தயமே கிடையாது. கடைசிக் கை வரை எல்லாம் கணக்கு.

ஒரு கையைக் கிட்டத்தில் பார்ப்போம். வழக்கமான 52 சீட்டு. கையில் எட்டு வரும். முதல் கட்டத்தைத் தாண்ட 300 புள்ளி எடுக்க வேண்டும். நான்கு முறை இறக்கலாம், மூன்று நான்கு முறை வேண்டாததைக் கழித்துப் புதிது வாங்கலாம். இரண்டு ராஜா வைத்து ஒரு ஜோடி இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு அடிப்படை 10, ராஜாவுக்குப் பத்துப் பத்து, ஆக 30. அதை 2 ஆல் பெருக்கினால் 60. நான்கு முறை இப்படியே இறக்கினாலும் 240தான், போதாது. அதனால் ஜோடியை மறந்துவிட்டு, கையில் இருக்கும் நாலு இஸ்பேட்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறீர்கள். ஐந்தாவது இஸ்பேட் வந்துவிட்டது. ஏஸ், ராஜா, ஒன்பது, ஏழு, நாலு. ஐந்தும் ஒரே இனம் என்பதற்கு அடிப்படை 35. சீட்டுகளின் மதிப்பு 11, 10, 9, 7, 4. கூட்டினால் 76. பெருக்கு எண் 4. விடை 304.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன்தான் எனக்கு 304 என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. அதே 76, அதே நாலு. பலாட்ரோவில் முதன்முதலாக அந்த எண் திரையில் எரிந்தபோது படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். 'துருப்பு என்ன?' என்று கேட்டான்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு கடை வரும். அங்கே ஜோக்கர் வாங்கலாம். நம்மூர் ரம்மி ஜோக்கர் மாதிரி, கையில் இல்லாத சீட்டின் இடத்தை நிரப்பும் வேலை இதற்கு இல்லை. ஒவ்வொரு ஜோக்கரும் ஒரு விதியை வளைக்கும், மொத்தம் 150. ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது கட்டத்தில் வரும் தலைவன் உங்கள் வழியை அடைப்பான். ஒருவன் வந்தால் கிளாவர் சீட்டுகளுக்கு மதிப்பே இருக்காது. இப்படி எட்டு அடுக்கு. முதல் நாள் மூன்றாவது அடுக்கில் செத்துப் போவீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான்.

ஸ்லே தி ஸ்பயர்: சீட்டை வேண்டாம் என்று சொல்லப் பழகுவது

2019 ஜனவரியில் முழுதாக வெளிவந்தது இது. இன்று கடையில் 'டெக்பில்டர்' (ஆடிக்கொண்டே கட்டைச் சேர்க்கும் ஆட்டம்) என்ற பெயரில் குவிந்து கிடக்கும் ஆட்டங்களில் பாதி இதைப் பார்த்துப் போட்ட சூடு. அசலையே ஆடிவிடுவது நல்லது.

பத்து சீட்டோடு தொடங்குகிறீர்கள். அடிக்க ஐந்து, தடுக்க நாலு, பலமாக மோத ஒன்று. ஒவ்வொரு முறையும் ஐந்து சீட்டு கைக்கு வரும், செலவழிக்க மூன்று சக்தி. எதிரில் ஒரு தாடைப் புழு. அதன் தலைக்கு மேலே கத்திப் படமும் 11 என்ற எண்ணும் தெரிகிறது. அடுத்து அது 11 அடி அடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஒரு தடுப்புச் சீட்டு 5 தாங்கும். இரண்டு இறக்கினால் 10, ஒரு அடி மட்டும் உடம்பில் படும். மிச்சம் ஒரு சக்தியில் 6 அடி கொடுக்கலாம். இல்லை, தடுக்கவே வேண்டாம், மூன்று அடியும் கொடுத்து 18 எடுத்துவிட்டு 11 வாங்கிக்கொள்வோமா? உயிர் 80 இருக்கிறதே! இந்தக் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போவதுதான் மொத்த ஆட்டமும்.

சண்டை முடிந்ததும் மூன்று புதுச் சீட்டு நீட்டுவார்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். புதியவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. கொடுக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் எடுப்பார்கள். பதினைந்து சண்டைக்குப் பிறகு கட்டு 25 சீட்டாக வீங்கிவிடும், வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்தில் வராது. கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் இலையில் வாங்கிவிட்டு ரசத்துக்கு இடமில்லாமல் போவது மாதிரி. 'தாண்டு' என்ற பொத்தான் கீழே இருக்கிறது. அதை அழுத்தப் பழகுங்கள்.

ஆங்கிலம் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. இந்த இரண்டு ஆட்டத்திலும் சீட்டில் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும், அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாளில் பழகிவிடும். யூ-கி-ஓ சீட்டில் அப்படியில்லை, சிறு எழுத்தில் ஒரு பத்தியே இருக்கும். சிறு வயதில் டிவியில் பார்த்த பிரியத்துக்காக அதைத் திறப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு திறப்பது நல்லது.

ஆள் எதிரில் வேண்டும் என்றால்

இங்கே நான் எல்லாவற்றையும் சமமாகப் புகழப் போவதில்லை. புதியவருக்கு முதலில் மார்வெல் ஸ்னாப், பிடிக்காவிட்டால் போக்கிமான் பாக்கெட், இரண்டும் சலித்த பிறகு ஹார்த்ஸ்டோன் அல்லது மேஜிக். இது என் வரிசை.

ஸ்னாப் 2022 அக்டோபரில் வந்தது. ஹார்த்ஸ்டோனை வழிநடத்திய பென் பிரோட் வெளியேறிக் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்தது. கட்டு என்றால் 12 சீட்டு மட்டும். மூன்று இடங்கள், ஆறு சுற்று, இரண்டு இடத்தில் ஜெயித்தவர் வெற்றி. தொடக்கத்தில் மூன்று சீட்டு, சுற்றுக்கு ஒன்று. ஆக ஆறாவது சுற்றில் 12இல் ஒன்பதைப் பார்த்திருப்பீர்கள். நினைத்த சீட்டு நாலு ஆட்டத்தில் மூன்றில் வந்துவிடும். அதனால் 'சீட்டே வரவில்லை' என்று புலம்ப அதிக இடமில்லை.

இதில் அழகு அந்த ஸ்னாப் பொத்தான்தான். பணயத்தைக் கட்டி (க்யூப்) என்ற கணக்கில் எண்ணுவார்கள், ஆட்டம் ஒரு கட்டியில் தொடங்குகிறது. ஜெயிப்போம் என்று தோன்றினால் பொத்தானை அழுத்திப் பணயத்தை இரட்டிப்பாக்கலாம், எதிராளியும் அழுத்தலாம், கடைசிச் சுற்று முடிந்தால் தானாகவும் இரட்டிக்கும். எட்டு வரை போகும். பயந்தால் பாதியில் ஒதுங்கலாம். பணயம் என்றதும் பதற வேண்டாம், போவது தரவரிசைப் புள்ளி மட்டும். ஒதுங்கக் கற்றுக்கொள்ளாதவர் நிறைய ஜெயித்தும் மேலே ஏற மாட்டார். சீக்கிரம் ஒதுங்கினால் போவது ஒரு கட்டி, வீம்புக்கு நின்றால் எட்டு. முதல் சில நாள் வரிசையாக ஜெயிப்பீர்கள், பெருமைப்பட வேண்டாம். அப்போது எதிரில் இருப்பது பல நேரம் மனிதர் வேஷத்தில் இருக்கும் கணினிதான்.

போக்கிமான் பாக்கெட் 2024 அக்டோபர் 30இல் வந்தது. 20 சீட்டுக் கட்டு, மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. நாளுக்கு இரண்டு பேக் (மூடிய சீட்டு உறை) இலவசம், ஒவ்வொன்றிலும் பொதுவாக ஐந்து சீட்டு. ஆட்டத்தை விட பேக் கிழிப்பதுதான் பலருக்கு இன்பம். எட்டு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து ஆட ஏற்றது, ஆனால் போனில் வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டுவிட்டு உட்காருங்கள்.

ஹார்த்ஸ்டோன் 2014இல் வந்து இந்த வகையையே பெரிதாக்கியது. 30 சீட்டு, 30 உயிர், முதல் முறை ஒரு மானா (சீட்டு இறக்கச் செலவாகும் சக்தி), அடுத்த முறை இரண்டு, இப்படிப் பத்து வரை தானாக ஏறும். எளிமை. மேஜிக் இதற்கெல்லாம் தாத்தா. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993இல் காகிதச் சீட்டாகக் கொண்டுவந்தார், அரீனா அதன் டிஜிட்டல் வடிவம். அதில் மானா தானாக வராது. 60 சீட்டில் சுமார் 24 நிலச் சீட்டு, அவை கைக்கு வந்தால்தான் மற்றதை இறக்க முடியும். முதலில் வரும் ஏழு சீட்டில் சராசரியாக மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக நிலம் இருக்கும். சராசரி அது. ஒரே நிலத்தோடு விழிக்கும் நாளும் வரும், ஆறு நிலத்தோடு விழிக்கும் நாளும் வரும். இந்த அதிர்ஷ்டம் பிடிக்காதவர்கள் மேஜிக் பக்கம் போகவே வேண்டாம். பிடித்துவிட்டால் வேறு எதுவும் ருசிக்காது, அதுவும் உண்மை.

க்வென்ட் ஆடுகிறவர்கள் குறைவு, ஆனால் எனக்குப் பிடித்தது. மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், சீட்டு மிகக் கொஞ்சமாகத்தான் நிரப்பித் தருவார்கள். எப்போது 'போதும், இந்தச் சுற்றை விட்டுக்கொடுக்கிறேன்' என்று நிறுத்துவது என்பதுதான் சூட்சுமம். 2023க்குப் பிறகு நிறுவனம் புதுச் சீட்டு விடுவதில்லை, பலம் பலவீனத்தைத் திருத்துவதை ஆட்டக்காரர்களே வாக்களித்துச் செய்கிறார்கள்.

இறக்குவதற்கு முன் பத்து நிமிஷம்

ஒன்றிரண்டைத் தேர்ந்துவிட்டீர்கள். சரி, உடனே இறக்க வேண்டாம்.

கடைப் பக்கத்தில் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். ஆளோடு மோதும் ஆட்டம் ஒரு வருஷமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்றால் எதிரில் உட்கார ஆள் இருக்காது. தனி ஆட்டத்துக்கு இந்தக் கவலை இல்லை. விமர்சனங்களில் மொத்த நட்சத்திரத்தைப் பார்க்காமல், கடந்த ஒரு மாதத்தில் வந்தவற்றை மட்டும் படியுங்கள். 'முன்பு நன்றாக இருந்தது' என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

அடுத்து, வீடியோ தளத்தில் யாராவது பேசாமல் ஆடும் முழு ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். விளம்பரப் படத்தில் டிராகன் பறக்கும். நிஜத்தில் நீங்கள் பார்க்கப் போவது சின்னச் சின்ன எழுத்தும் எண்ணும். ஐந்து நிமிஷம் பார்த்து எதுவும் புரியாவிட்டாலும் 'அது என்ன?' என்று கேட்கத் தோன்றினால் இறக்குங்கள். தோன்றாவிட்டால் விடுங்கள்.

கணினியில் ஸ்டீம் என்ற ஆட்டக் கடை வைத்திருப்பவர்கள் 'டெக்பில்டிங்' என்ற குறிச்சொல்லை வைத்து வடிகட்டி, டெமோ இருப்பவற்றை முதலில் ஆடிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கியதையும் திருப்பித் தரலாம், வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ப்ளே ஸ்டோரில் வாங்கியதற்கு 48 மணி நேரத்துக்குள் விண்ணப்பிக்கலாம்.

முதல் வாரம்

ஒரே நேரத்தில் ஒரு ஆட்டம். மூன்றை இறக்கி மாற்றி மாற்றித் தொட்டால் மூன்றின் விதியும் குழம்பும். முதல் வேலையாக அமைப்புக்குள் போய் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். 'உங்கள் இலவசப் பேக் காத்திருக்கிறது' என்று இரவு பதினொன்றரைக்குக் கூப்பிடும் ஆட்டம் உங்களை ஆடுகிறது.

ஆளோடு மோதும் ஆட்டங்களில் தொடக்கத்தில் ஒரு கட்டு கொடுப்பார்கள். அதையே குறைந்தது இருபது ஆட்டம் ஆடுங்கள். எந்தச் சீட்டு கைக்கு வந்தால் முகம் சுளிக்கிறீர்கள் என்று கவனித்து அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மறுபடி பத்து ஆட்டம். இணையத்தில் சாம்பியன் கட்டு என்று போட்டிருப்பதை முதல் நாளே அப்படியே எடுத்துப் போட்டால் ஜெயிக்கவும் மாட்டீர்கள், ஏன் தோற்றோம் என்றும் தெரியாது. அந்தக் கட்டில் சீட்டுகள் ஒன்றையொன்று கை கோத்துக்கொண்டிருக்கும், எந்தச் சீட்டு எதற்காக இருக்கிறது என்று தெரியாதவர் கையில் அது பிரிந்துபோய்விடும்.

தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே ஒரு முறையை நினைத்துப் பாருங்கள். 'அங்கே வேறு சீட்டு இறக்கியிருந்தால்?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் அந்த ஆட்டம் உங்களுக்கு ஒத்துவருகிறது. ஒரு வாரம் கழித்தும் 'அவனிடம் நல்ல சீட்டு இருந்தது' என்பதே பதிலாக இருந்தால் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

காசு

இலவசம் என்று எழுதியிருப்பவைதான் கடைசியில் அதிகம் வாங்கும். ஒரு ஆட்டத்தில், பெயர் வேண்டாம், இரண்டு வருஷம் மாதா மாதம் சின்னச் சின்னதாகக் கட்டினேன். ஒரு நாள் காலையில் சர்வரை மூடுகிறோம் என்று அறிவிப்பு வந்தது. சேர்த்த சீட்டு, அபூர்வப் படம் எல்லாம் போயிற்று. மொத்தம் எவ்வளவு என்று வங்கிச் செய்திகளைத் தேடிக் கூட்டிப் பார்த்தேன், வீட்டில் சொல்லவில்லை.

பெரிய நிறுவனம் என்றால் இப்படி ஆகாது என்று நினைக்க வேண்டாம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே 2018 நவம்பரில் ஆர்டிஃபாக்ட் என்ற சீட்டாட்டத்தை 20 டாலருக்கு விற்றது, மேற்கொண்டு பேக்குக்கும் தனிக் காசு. ஆட்கள் சில மாதத்தில் கலைந்தார்கள். 2021 மார்ச்சில் வேலையை நிறுத்திவிட்டு இலவசமாக விட்டுவிட்டார்கள். லெஜண்ட்ஸ் ஆஃப் ரனடெரா என்ற இன்னொரு சீட்டாட்டம் காசு விஷயத்தில் தாராளமானது என்று பெயர் வாங்கியது, 2024இல் ஆள்குறைப்புக்குப் பிறகு தனியாள் ஆடும் பகுதிக்கு முன்னுரிமை என்று திசை மாறியது.

ஆகவே ஒரு மாதம் ஆடாமல் எந்த இலவச ஆட்டத்துக்கும் ரூபாய் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால், ஒரு சினிமாவுக்குக் கொடுக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். ஜெம், கோல்டு, டோக்கன் என்று அவர்கள் சொல்லும் எண்ணை வாங்கும் முன் ரூபாயாக மாற்றிக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஹார்த்ஸ்டோனிலும் மேஜிக்கிலும் பழைய சீட்டுத் தொகுதிகள் சில வருஷத்தில் முக்கியப் போட்டி வகையிலிருந்து கழன்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். இன்று வாங்கும் அபூர்வச் சீட்டுக்கும் காலாவதி தேதி உண்டு. ஒரு முறை விலை கொடுத்து வாங்கும் பலாட்ரோவுக்கும் ஸ்பயருக்கும் இந்தத் தலைவலி ஏதும் இல்லை.

தெரிந்தவர்களோடு ஆட

போர்டு கேம் அரீனா உலாவியிலேயே ஓடும், எதுவும் இறக்க வேண்டாம், இலவசக் கணக்கில் நிறைய ஆடலாம். ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ் இரண்டும் இருக்கின்றன. 304 பழகியவர்களுக்கு நான் சொல்வது பெலோட். பிரான்ஸில் வீட்டுக்கு வீடு ஆடுவது. 32 சீட்டு, இரண்டிரண்டு பேர் கூட்டணி, துருப்பு இனத்தில் ஜாக்தான் பெரியவன், அடுத்தது ஒன்பது. மதிப்பு வேறு, துருப்பு ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. துருப்பு அல்லாத இனங்களில் சீட்டு வரிசையும் வேறு. மற்றபடி கை தானாகவே பழைய ஞாபகத்தில் போகும். பக்கத்தில் விதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் இரண்டு ஆட்டத்தைப் பயிற்சியாக ஆடிவிடுங்கள்.

மேசை திறக்கும்போது இரண்டு வகை கேட்கும். ஒன்று எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆடுவது. மற்றது அவரவர் வசதிக்கு ஆடுவது, ஒருவர் காலையில் இறக்கினால் அடுத்தவர் மதியம் இறக்கலாம், முறைக்கு ஒரு நாள் என்று கூட வைத்துக்கொள்ளலாம். என் விடுதி நண்பன் இப்போது டொரண்டோவில் இருக்கிறான். சென்னையில் இரவு எட்டு என்றால் அவனுக்குக் கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. எப்படியும் வேலை நேரம். அதனால் இரண்டாவது வகையில்தான் ஆடுகிறோம். ஒரு ஆட்டம் முடிய இரண்டு வாரம் ஆகிறது. இப்போது என் முறை, துருப்பு ஒன்பது என்னிடம் இருக்கிறது, ஜாக் யாரிடம் என்று தெரியவில்லை. நாளைக் காலை வரை யோசிக்க நேரம் இருக்கிறது.